சட்டைப் பொத்தானும் எட்டாம் நம்பர் என்ஜினும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் தையல் மிஷின், உன் அப்பாவின் முதுகு, மாடியில் இருக்கும் உன் அத்தையின் வாய் மூன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன, முதுகுக்கு மட்டும் அவ்வப்போது எண்ணெய் போட வேண்டியிருக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, சிரித்த முகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் இதைப் படித்த பிறகாவது சிரி. அத்தைக்குப் பல் செட் கட்டியாகிவிட்டது. கட்டியது நம் தெருமுனை பல் டாக்டர். அவரும் உன் அப்பா மாதிரியே ரயில் என்ஜின் பொம்மை செய்கிற ஆள் என்பது உனக்குத் தெரியுமே, பல் குடைகிற மிஷினை வைத்தே என்ஜினுக்கும் ஓட்டை போடுகிறார். அதனால் உன் அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, எதிரி கட்டின பல்லால என் வீட்டுச் சோத்தைத் திங்கிறியே அக்கா, உனக்கே நல்லா இருக்கா என்று கேட்கிறார். அத்தையோ, உன் என்ஜினு இன்னும் ஒரு பரிசு வாங்கல, அவர் கட்டின பல்லு எலும்பையே கடிக்குது என்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். அப்போது என் வாயில் நாலு குண்டூசி இருந்தது, ம்ம் என்றேன். வாயில் ஊசி இருக்கும்போது சொன்னது சத்தியத்தில் சேராது, எந்தத் தையல்காரியை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

நீ ஊருக்குக் கிளம்புகிற அன்று, இந்த வயசுல பொம்மை ரயிலாப்பா என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனாயே, நினைவிருக்கிறதா. நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனுஷன் அதற்கப்புறம் ஆறு மாதம் உளியைத் தொடவில்லை. பம்பு பட்டறையில் லேத்து ஓட்டிவிட்டு வந்து ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்கிறதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் உன் தபால் வந்தது. அங்கே பழைய சாமான் கடையில் ஒரு கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தது, ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்தேன், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். கரியைப் பூசிக்கொண்டு நிற்கிற ஒரு பழங்கால என்ஜின், மூக்கில் எட்டு என்று நம்பர், பக்கத்தில் தொப்பியும் மீசையுமாக அதன் டிரைவர். உன் அப்பா அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குட்டி அனுப்பியிருக்கா பாரு, குட்டி அனுப்பியிருக்கா பாரு என்று அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தார். அடுத்த நாள் உன் ரூமில் இருந்த கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாயிற்று, ரூம் பட்டறையாயிற்று.

அந்த மாதிரி என்ஜின் மொத்தமே எட்டோ பத்தோதான் ஏதோ ஒரு சுரங்கப் பாதைக்கென்று செய்தார்களாம், அளவு வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, பக்கத்தில் நிற்கிற டிரைவர் ஐந்தடி ஆறங்குலம் இருப்பார் என்று வைத்துக்கொண்டு, அந்த ஆளை ஸ்கேலாக்கி, சக்கரம் அவர் இடுப்பு வரை, புகைபோக்கியின் உச்சி அவர் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார். மூன்று வருஷம், மகளே. செம்புக் குழாயில் பாய்லர், பட்டறையில் மீந்த பித்தளையில் சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பதினாலு ஆரக்கால், அதை ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவி, ஒன்று கோணினால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி. துணியில் குறி போடுகிற என் பல் சக்கரம் காணாமல் போனதே என்று அத்தையைச் சந்தேகப்பட்டேன், பார்த்தால் இவர் அதை மெல்லிய தகட்டில் உருட்டி உருட்டி ஆணித் தலை மாதிரி புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆணியாம், எண்ணியிருக்கிறார். என்னைக் கல்யாணம் செய்து எத்தனை வருஷம் என்று கேட்டால் விரலை மடக்குகிற ஆள். கடைசியில் முழங்கை நீளத்துக்கு ஒரு என்ஜின், அடியில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றினால் தண்ணீர் கொதித்துத் தானாக ஓடும். முதல் தடவை விட்டபோது ரூமை விட்டு வெளியே வந்து, நேராகப் போய் அத்தையின் செருப்பில் முட்டி விசில் அடித்தது. அத்தை, இது உன்னை மாதிரியே, எங்க முட்டுறோம்னு பாக்காம சத்தம் போடுது என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் இந்த என்ஜின் பொம்மை செய்கிறவர்கள் சங்கத்துக் கண்காட்சி. அதில் ஒரு மாடலை மேஜையில் ஏற்றுவதா இல்லையா என்று முடிவு செய்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், எல்லாரும் அவரை அரை மில்லி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அரை மில்லிமீட்டர் தப்பினாலும் எடுத்துக்கிட்டுப் போப்பா என்று சொல்லிவிடுவாராம். உன் அப்பாவை அப்படி இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். இந்தத் தடவை எட்டாம் நம்பர் மேஜையில் ஏறினால் போதும், பரிசெல்லாம் பல் டாக்டரே வச்சுக்கட்டும் என்று ஒரு மாதமாக இதே பேச்சு.

கண்காட்சிக்கு ஆறு நாள் இருக்கும்போது மரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு டிரைவரைச் செதுக்கினார், படத்தில் இருக்கிற மாதிரியே பக்கத்தில் நிறுத்த வேண்டுமாம். சட்டைக்குப் பெயின்ட் அடிக்கணும், எப்படித் தச்சிருக்குன்னு நீ பார்த்துச் சொல்லு என்று பூதக்கண்ணாடியையும் படத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்று வருஷமாக அந்தப் படம் சுவரில் தொங்குகிறது, அன்றுதான் அந்த ஆளை நான் ஒழுங்காகப் பார்க்கிறேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆண்பிள்ளைச் சட்டைக்கு இடது பக்கம் மேலே ஏறி வரும், பொம்பளைச் சட்டைக்குத்தான் வலது பக்கம் மேலே வரும். இந்த மீசைக்காரருக்கு வலது பக்கம் மேலே. ஐயா அவசரத்தில் பெண்டாட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பாக்கெட்டும் வலது மார்பில். இத்தனை வருஷத்தில் ஆயிரம் சட்டையாவது தைத்திருப்பேன், வலது பக்கம் பாக்கெட் வைக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. படத்தை எடுத்துக்கொண்டுபோய், துணி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருக்கிறேனே அந்த ஆள் உயரக் கண்ணாடி, அதன் முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் சட்டை சரியாக இருந்தது. பொத்தான் சரி, பாக்கெட் சரி. ஆனால் என்ஜின் மேல் வலது பக்கம் இருந்த காற்றுப் பம்பு இடது பக்கம் போய்விட்டது. ஏணியும் பக்கம் மாறிவிட்டது. என்ஜினை முன்னே பின்னே ஓட மாற்றுகிற நீளக் கம்பியும் மாறிவிட்டது. ஸ்டுடியோக்காரன் அந்தக் கண்ணாடி நெகட்டிவை மறுபக்கமாக வைத்து அச்செடுத்திருக்கிறான். வேறு எந்த நம்பராக இருந்தாலும் அன்றைக்கே தெரிந்திருக்கும், எட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதானே.

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இனி எத்தனை நாள் நான் பேசாமல் இருந்தேன் என்று சொல்கிறேன், நீ நம்பமாட்டாய், மூன்று நாள். உன் அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சலா என்றாள். சொன்னால் மூன்று வருஷ வேலையை அவர் கையாலேயே மூடி வைத்துவிடுவார். சொல்லாவிட்டால் அரை மில்லி எல்லார் முன்னாலும் கண்டுபிடிப்பார். நான் கிண்டல் செய்வேன், அது என் உரிமை, வேறொருத்தர் அவரைப் பார்த்துச் சிரித்தால் எனக்குத் தாங்காது. நாலாம் நாள் டீ கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன், ஒரு கையில் படம், ஒரு கையில் அவருடைய சட்டைப் பொத்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார், டீ ஆடை கட்டிவிட்டது. அப்புறம் அவர் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா, இது குட்டிக்குத் தெரியுமா என்பதுதான். தெரியாது என்றேன். தெரிய வேண்டாம், பாவம், ஆசையா அனுப்பினா, அவ மனசு கஷ்டப்படும் என்றார். மூன்று வருஷம் வீணாய்ப் போனதே என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் நான் தைக்க உட்கார்ந்தபோதுதான் என்னிடம் அந்தச் சத்தியக் கதை, என் வாயில் குண்டூசி.

கண்காட்சிக்குப் போகவில்லை என்றார். பம்பை இடம் மாற்றலாமே என்றேன், பாய்லரில் ஓட்டையை அடைத்து வேறு ஓட்டை போட்டு இரண்டு நாளில் முடியாதாம். அப்படியானால் என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள், என்ஜினைக் கண்ணாடிக்கு முன்னால் வையுங்கள், பார்க்கிறவர்கள் கண்ணாடிக்குள் பார்க்கட்டும், உள்ளே இருக்கிறதுதான் நிஜ எட்டு என்றேன். அரை மில்லி சிரிப்பார் என்றார். சிரிக்கட்டும், நாம் ஒளித்து வைத்து அவர் கண்டுபிடித்துச் சிரிப்பதை விட, நாமே எழுதி வைத்ததைப் படித்துச் சிரிக்கட்டும் என்றேன். உனக்கு எங்கிருந்துடி இப்படியெல்லாம் தோணுது, அஞ்சாம் கிளாஸ் தாண்டாத மூளைக்கு என்றார். ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டியில் கண்ணாடியைப் படுக்க வைத்துப் போர்வை சுற்றி, யாரோ செத்துப்போன மாதிரி தெருவழியே நானும் அவரும் தள்ளிக்கொண்டு போனோம். ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா தன் கையாலேயே ஓர் அட்டையில், படம் திரும்பியிருந்தது, நானும் திருப்பிச் செய்துவிட்டேன், சரியானது கண்ணாடியில் என்று எழுதி முன்னால் வைத்தார். அரை மில்லி வந்தார். ஒல்லியான மனுஷன், அளக்கிற கருவியைச் சட்டைப் பையில் பேனா மாதிரி குத்தியிருந்தார். அட்டையைப் படித்தார், சக்கரத்தை அளந்தார், புகைபோக்கியை அளந்தார், குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார், படத்தையும் பார்த்தார். யார் இதைக் கண்டுபிடிச்சது என்று கேட்டார். உன் அப்பா என்னைக் காட்டி, என் வீட்டுக்காரி, தையல்காரி, டிரைவர் சட்டையைப் பார்த்துச் சொன்னா என்றார், முதுகு வலியை மறந்து நிமிர்ந்து நின்று சொன்னார். அரை மில்லி உடனே குனிந்து தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். அவர் பார்த்ததும் பல் டாக்டர் பார்த்தார், அப்புறம் ஹாலில் இருந்த ஆம்பளைகள் எல்லாருமே ஒவ்வொருத்தராகக் குனிந்து தங்கள் பொத்தானைப் பார்த்தார்கள். அந்தக் காட்சியை நீ பார்க்கவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம். அரை மில்லி கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, அளவு தப்பல, பக்கம்தான் தப்பியிருக்கு, எனக்கு அளவுதான் வேலை, மேஜையில ஏத்துங்க என்றார்.

பரிசு பல் டாக்டருக்குத்தான். ஆனால் கூட்டம் முழுக்கக் கண்ணாடி முன்னால். இப்போது சங்கத்துக்காரர்கள் தங்கள் பழைய படங்களையெல்லாம் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், சட்டை சரியா பாருங்கம்மா என்று. தைக்கிற துணி அப்படியே கிடக்கிறது, நேற்று ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்கு மேல் இரண்டு என்ஜினும் ஒரு ஸ்டேஷனும் இருந்தன.

திரும்பி வந்ததும், பம்பை மாற்றப்போகிறீர்களா என்று கேட்டேன். மாட்டாராம். கண்ணாடியில் தெரிகிறதைப் பார்த்து இன்னொரு எட்டு புதிதாகச் செய்யப் போகிறாராம், ஏற்கெனவே செம்புக் குழாய் அறுத்தாகிவிட்டது. அப்படியானால் இந்தத் தப்பு என்ஜினை என்ன செய்வது என்றேன். தப்புன்னு சொல்லாத என்று கோபம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உன்னை இடது கையால் எழுதுகிறாய் என்று விரலில் அடித்தார்களே, இவர் பட்டறை உடுப்போடு போய் டீச்சர் முன்னால் நின்று, எந்தக் கையில எழுதினா என்ன, எழுத்து நேரா இருக்கான்னு பாருங்க என்று கேட்டாரே, அதே குரல். நம்ம இடதுகைக்காரி அனுப்பினது, அதுவும் இடதுகையாத்தான் இருக்கும், இது அவளோடது, அவ வந்து எடுத்துக்குவா என்று துடைத்து உன் ரூம் அலமாரியில் வைத்துவிட்டார்.

அதனால்தான் மகளே, சத்தியத்தை மீறி எழுதினேன். நீ விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையில் நின்றுபோன மனுஷன், நீ அனுப்பிய ஒரு படத்தில் ஓடத் தொடங்கினார் என்பது உனக்குத் தெரிய வேண்டாமா. ஆனால் உனக்கு எதுவும் தெரியாது, நினைவிருக்கட்டும். போனில் பேசும்போது, எட்டு நல்லா ஓடுதாப்பா என்று மட்டும் கேள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டாலும் மாட்டிக்கொள்வது நான்தான். வரும்போது பெட்டியில் முழங்கை நீளத்துக்கு இடம் விட்டுக்கொண்டு வா, துணியைக் குறைத்துக்கொள், வேண்டியதை நான் இங்கே தைத்துத் தருகிறேன்.

உடம்பும் மனசும் எந்தக் குறையும் இல்லாமல், உன் வழியிலேயே, உன் கையாலேயே எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் நினைக்காத நாள் இல்லை, அத்தையும் புதுப் பல் தெரிய ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். போன மாதம் நீ அனுப்பிய போட்டோவில் கோட்டில் மூன்றாவது பொத்தான் இல்லை, பார்த்துவிட்டேன், தைத்துக்கொள்.

இப்படிக்கு,
மூன்று நாள் பேசாமல் இருந்து காட்டிய உன் அம்மா