டப்ளின் அவிரனும் எறையூர் அவிரனும்

பெரம்பலூர்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அனிதாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போதே வேண்டிக்கொண்டு பேனாவை எடுத்தேன். இங்கே நான் சுகம், உன் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக நோகிறது. இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல்கிறாய், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பிள்ளை அழுகிறான் என்று வைத்துவிடுகிறாய், எனக்கென்னவோ அழுகைச் சத்தம் கேட்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டுகிறாய். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் கோகுலகிருஷ்ணன் லீவு முடிந்து இந்த வாரம் கிளம்புகிறாராம், சத்துமாவும் முந்திரியும் வைத்துக் கொடுக்கிற பையில் இதையும் வைக்கிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

என் தங்கை மகள் சுகன்யா, தன் பிள்ளைக்கும் அவிரன் என்று பேர் வைத்து, ஃப்ளெக்ஸ் அடித்து, அதை குடும்ப குரூப்பில் போட்டாளே, அன்றைக்கு நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. அந்தப் பேரு ஊருக்கே பொதுவாயிடுச்சும்மா, நீங்களே வச்சுக்குங்க, பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு முன்னாடி எம் புள்ளைக்கு வேற பேரு மாத்திடறேன் என்றாய். மாசியில் காதுகுத்துக்கு வரும்போது வேறு பேரோடுதான் வருவோம் என்றும் சொன்னாய். அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. எனக்கு உன் மேல் கோபம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்க யோசிக்க உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பில் நான்கு அனிதாக்கள், உன்னைக் குட்டை அனிதா என்றுதானே கூப்பிட்டார்கள், நீ ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு வந்து எனக்கு வேறு பேரே கிடைக்கலியாம்மா என்று கேட்பாய். தன் பிள்ளைக்காவது இன்னொருவருக்கு இல்லாத பேர் வேண்டும் என்று நீ நினைத்ததில் என்ன தப்பு. மாசமாக இருந்தபோது நீயும் மாப்பிள்ளையும் இரவெல்லாம் நெட்டில் தேடி, அவிர் என்றால் பழைய தமிழில் ஒளிவிடுவது என்று கண்டுபிடித்து, உன் தமிழ் டீச்சர் மரிய செல்வத்துக்கே போன் போட்டு அது சரிதானா என்று கேட்டு வைத்த பேர் அது. டீச்சர் நல்ல பேருமா, நான் இத்தனை வருஷத்துல ஒரு ரெஜிஸ்டர்லயும் கூப்பிட்டதில்ல என்று சொன்னாராம், நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அதைக் கெடுத்தது உன் அப்பாதான், ஊருக்கே தெரியும். பிள்ளை பிறந்த அன்றைக்கு நீ பேரைச் சொல்லி போனை வைத்ததும் மனுஷர் காபியைக்கூடக் குடிக்காமல் நம் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினார். சாயங்காலம் நான் போனால் கடைச் சுவர் முழுக்கப் பேரன். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கன்னம் இரண்டும் உப்பிப் போய், கீழே ‘டப்ளினில் உதித்த பெரம்பலூர்ச் சிங்கம் அவிரன்’ என்று ஆளுயர எழுத்தில். நானும் கடையில் உட்கார்ந்து ஆர்டர் எழுதுகிறவள்தானே, எனக்குத் தெரியாதா. காதுகுத்து, பிறந்தநாள் என்று வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் போனில் எதையோ பார்த்து ஒரு பேரைச் சொல்வார்கள், எல்லாம் இஷ், இத் என்று முடியும், எழுதுவதற்குள் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அப்படி வந்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்துவிட்டு இதென்னங்க புதுப் பேரா இருக்கு, என்ன அர்த்தம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு அதற்கு மேல் வேறு வேலை வேண்டுமா. ஒளி வீசுகிறவன் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் பரவாயில்லை, ஆண்டிமடத்திலிருந்து வந்த முந்திரி வியாபாரி முருகையனிடம் அது சோழர் படைத்தளபதி பேர் என்று அளந்துவிட்டார். அந்த மனுஷர் நம்பிப் போய்த் தன் பேரனுக்கு அதையே வைத்து, ஃப்ளெக்ஸில் குதிரை, வாள், கோட்டை எல்லாம் போடச் சொல்லி ஆர்டர் கொடுத்தார். எப்படி இப்படிப் புளுகுனீங்க என்று நான் சண்டை போட்டால், ஏதாவது ஒரு தளபதிக்கு இருந்திருக்கும்டி, அத்தனை பேர் இருந்தாங்கள்ல என்கிறார்.

சுகன்யாவையும் நான் சும்மா விடவில்லை. குரும்பலூருக்கே நேரில் போய், ஏண்டி, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அக்கா புள்ள பேரைத்தானே வச்சேன் பெரியம்மா, அடுத்த வூட்டுப் பேரையா வச்சேன், அக்கா மாதிரி எம் புள்ளையும் நல்லாப் படிக்கட்டும்னுதான் என்று அழுதுவிட்டாள். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நீ போனில் பேசிய மறுநாளே அப்பா ஏணியைப் போட்டு, நோகிற காலோடு ஏறி, பேரன் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் வந்த ஒருவர் பையனுக்கு ஒரு நல்ல பேராச் சொல்லுங்களேன் என்று கேட்டதற்கு எனக்கு எந்தப் பேரும் தெரியாதுங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாத்தறேன்னு எம் பொண்ணு சொன்னா அது அவ இஷ்டம், அவ அனுமதி இல்லாம இனி அந்தப் பேரை நான் எங்கயும் எழுத மாட்டேன் என்று என்னிடம் சொன்னார்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மட்டும் கடையில் இருந்தேன், அப்பா உள்ளே மெஷினில் இருந்தார். இடுப்பில் ஒரு பிள்ளையோடு சின்னப் பெண் ஒருத்தி வந்து, கடைக்குள் ஏறாமல் வெளியிலேயே நின்று வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா வேணும் என்றேன். மெதுவாக, இங்க ஒரு பாப்பா படம் இருந்துச்சுங்களே, அந்தப் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலியேங்க என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, அவன் நல்லா இருக்கான்மா, எம் பேரன்தான், வெளிநாட்ல இருக்கான் என்றதும் அந்தப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பேர் லாவண்யா. எறையூர், புருஷன் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். பிள்ளை மாசம் ஆகுமுன்னே பிறந்து, ஒரு கிலோகூட இல்லாமல், நம் கடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்களாம். பிழைக்குமா என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லையாம். அவள் காலையில் டீ வாங்கக் கீழே இறங்கி வரும்போதெல்லாம் நம் கடைச் சுவருக்கு முன்னால் நிற்பாளாம். உள்ள எம் புள்ள எலிக்குஞ்சு கணக்கா கெடக்கும், வெளிய வந்தா உங்க பாப்பா கொழுகொழுன்னு கன்னத்த உப்பிக்கிட்டு இருக்கும், எம் புள்ளயும் இதுமாதிரி ஆயிடணும்னு பாத்துக்கிட்டே நிப்பேங்க என்றாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் லாவண்யா பேபி என்றுதான் எழுதியிருந்ததாம், பேர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இவள் மட்டும் கண்ணாடிக்கு வெளியில் நின்றுகொண்டு அவிரா, அவிரா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். வூட்டுக்கு வந்தப்புறம் மாமியா குலசாமி பேர் வெக்கணும்னாங்க, அந்தப் பேரைக் கூப்புட்டுத்தானேங்க இழுத்து வச்சேன், எப்படிங்க மாத்துறது என்று கேட்டாள்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் பிள்ளைக்கு அர்ச்சனை செய்கிறாளாம், அதோடு நம் பேரனுக்கும் சேர்த்து ஒன்று. பூசாரி பேரும் நட்சத்திரமும் கேட்பாரே, ஒங்க பாப்பா நட்சத்திரம் தெரியாம எம் புள்ளயோட கேட்டையவே ரெண்டு தடவையும் சொல்லிட்டு வரேங்க, அது தப்புங்களா, என்ன நட்சத்திரம்னு சொல்லுங்களேன் என்றாள். பூரட்டாதி என்றேன். அதற்குள் எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. பூரட்டாதி, பூரட்டாதி என்று மனப்பாடம் செய்துகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். உள்ளே பார்த்தால் உன் அப்பா நின்றுபோன மெஷினுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாம் யாரென்றே தெரியாத ஒருத்தி, இத்தனை மாதமாக நம் பிள்ளைக்காகக் கோயிலில் நின்றிருக்கிறாள் அனிதா. நானே வாரம் தவறாமல் போனதில்லை.

அன்றைக்குத்தான் உன் பேரைப் பற்றியும் யோசித்தேன். ஏன் அனிதா என்று வைத்தேன் என்று நீ அழுதாயே தவிர, பதிலுக்கு நின்றதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அந்தப் பேர் யாருக்கும் கிடையாது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் ஒருவர், அவர் பேர்தான் அனிதா. வெள்ளைச் சேலையில் மொபெட் ஓட்டிக்கொண்டு தனியாக வருவார், ஆம்பிளைகள் எழுந்து நின்று சிஸ்டர் என்று கும்பிடுவார்கள். நான் எட்டாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவள், அப்போது வயிற்றில் நீ இருந்தாய், அவர் வண்டி போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பேன். பொண்ணு பிறந்தால் இப்படி வண்டி ஓட்டிக்கொண்டு, தன் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று ஆசை. நீயும் அவர் கையில்தான் பிறந்தாய். உன் வகுப்பில் இருந்த மற்ற அனிதாக்களின் அம்மாக்களும் அதே நர்ஸம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான். எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வைத்தோம். உனக்கு அது பொதுப் பேராகப் போய்விட்டது, எனக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய பேர் இந்த உலகத்தில் இல்லை. இன்றைக்கு நீ டப்ளினில் கார் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறாய் என்று யாரிடமாவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மொபெட் சத்தம்தான் கேட்கும்.

உன்னைக் கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. பிள்ளை உன்னுடையது, பேர் வைக்கிற உரிமையும் உன்னுடையதுதான். நீ எந்தப் பேர் வைத்தாலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் நான் சோறு ஊட்டப் போகிறேன். ஃப்ளெக்ஸ் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது, நீ ஒரு வார்த்தை சொன்னால் அப்பா ஏணியைத் தேடுவார், வேண்டாம் என்றால் மழைக்கு வெங்காயத்தை மூடக் கேட்கிற யாருக்காவது கொடுத்துவிடுவார். கோபமாக இருந்தாலும் அவரிடம் பேசு. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் சண்டை போட்டுச் சமாளித்துக்கொள்வேன், அவருக்கு அது தெரியாது.

சத்துமாவைக் கட்டி தட்டாமல் கரைத்துக் காய்ச்சு, முதலில் இரண்டு ஸ்பூன் மட்டும் கொடுத்துப் பார். வெயில் இல்லை என்று எண்ணெய் தேய்க்காமல் விடாதே, ஹீட்டர் பக்கத்தில் வைத்தாவது தேய். முந்திரி ஆண்டிமடத்து முருகையன் கொடுத்தது, சோழத் தளபதியின் சொந்தக்காரப் பிள்ளைக்கு என்று சொல்லிக் கொடுத்தார், உண்மையை உடைக்காமல் வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு குளிர்ந்து, நிறைந்து இருக்க வேண்டும். சிறுவாச்சூர் அம்மன் உங்களுக்குத் துணையாக இருப்பாள்.

ஒன்றே ஒன்று மறக்காதே. பேரை மாற்றுவது என்றே முடிவு செய்தால், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புதுப் பேர் என்ன என்று எனக்குச் சொல்லிவிடு, எறையூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தப் பெண் பாவம், பூரட்டாதி அவிரன் என்று சொல்லி, இல்லாத ஒரு பிள்ளைக்கு அர்ச்சனை செய்துகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் வரவை மாசியில் எதிர்பார்க்கும் அம்மா,
கா. சசிகலா