ஆத்தாவுக்கு ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேற்கே மலையே காணோம், வெறும் மேகம். பெட்டி அடுக்க உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மதுரை, சென்னை, அங்கிருந்து பாங்காக். பிறகு பஸ், பாதி நாள். அடுத்த திங்கள் தாய்லாந்தில் நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடம் திறப்பு.

எடுத்துப் போக: இட்லிப்பொடி. நார்த்தங்காய் ஊறுகாய் (மூடியை டேப் போட்டு ஒட்டணும்). தேங்காய் எண்ணெய். ஸ்டிக்கர் பொட்டு நாலைந்து அட்டை, எனக்கு இல்லை, ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. நன்றாக எழுதினால் நோட்டில் ஒட்டுவேன். போன தடவை கொண்டுபோனது முழுவதும் அவர்கள் மூக்கிலும் கன்னத்திலும் போய்விட்டது.

மதியம் முதுகில் அரிப்பு. கொசு என்றுதான் நினைத்தேன். மதினியிடம் காட்டினேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு குமுளியிலிருந்து வந்தவள். எதற்கும் பயப்பட மாட்டாள்.

"அத்தை, இங்கன வாங்க. இது கொசு இல்ல."

அம்மா வந்து பார்த்தாள். அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, போய் அணைத்தாள். பிறகு கொல்லையில் வேப்பங்கொப்பு முறிக்கிற சத்தம்.

"ஆத்தா வந்திருக்கா. நல்லபடியா இருந்துட்டு எறங்கட்டும்."

சின்னம்மை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தீபாவளிக்கு முன்பு போட்டிருந்தது. தூக்கிக் கொஞ்சினேன். எனக்குத் தேவைதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

முத்து இப்போது கழுத்து, நெற்றி, காது மடலில்கூட. காய்ச்சல். ஆனால் பசி நன்றாக இருக்கிறது.

கூடாதவை (அம்மா சொல்லச் சொல்ல எழுதியது): தாளிப்பு. தலை வாருவது. கண்ணாடி. கறி, மீன், முட்டை. சொறிவது. வருகிறவர்களை வா என்பது, போகிறவர்கள் போய்ட்டு வர்றேன் என்பது. டாக்டர்.

கூடியவை: இளநீர், மோர், கேப்பைக்கூழ், மாதுளை, வேப்பிலையால் தடவிக்கொள்வது.

மதினி கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போனாள். வாசலில் இருந்து எட்டிப் பார்த்து, "நான் போறேன்னு சொல்லலடி, பாத்துக்க. போயிட்டேன்" என்றாள்.

பள்ளிக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் டீச்சர் ஜாய், பிலிப்பைன்ஸ்காரர், எங்கள் மூன்று வெளிநாட்டு ஆசிரியைகளுக்கும் அவர்தான் எல்லாம். பதில் உடனே வந்தது. முதல் வரியில் நிறைய இதயங்கள். இரண்டாம் வரியில் விஷயம்: டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சர்ட்டிபிகேட் வெள்ளிக்குள் வேண்டும். இல்லாவிட்டால் விடுப்பு இல்லை, வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். எனக்கு மே மாதத்திலிருந்து ப்ரொபேஷன். இந்த வாரத்தோடு முடிகிறது. திங்களன்று போய் நின்றால் நிரந்தரம். நிற்காவிட்டால் காத்திருக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

ஒரே வீட்டில் இரண்டு சட்டம். டாக்டர் கூடாது. டாக்டர் வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

அம்மாவிடம் கேட்டேன். நான் அம்மாவிடம் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. இன்று மூன்று முறை.

"ஆத்தா வீட்ல இருக்கும்போது ஊசி மருந்துன்னு போனா அவ என்ன நெனப்பா?"

"ஊசி வேண்டாம்மா. ஒரு தாள்தான்."

"அந்த வேலைக்கிப் போய்த்தான் ஆகணுமா? இது அங்கன வச்சு வந்திருந்தா ஒரு கொத்து வேப்பங்கொழுந்துக்கு எங்கன போயிருப்ப?"

அங்கேயும் வேப்பமரம் உண்டு, பூவும் கொழுந்தும் பறித்து வேகவைத்து இனிப்புக் குழம்பு தொட்டுச் சாப்பிடுவார்கள் என்றேன். சமாதானம் சொல்வதாக நினைப்பு.

அம்மா கையிலிருந்த வேப்பங்கொத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"தின்னுருவாகளா?"

அதோடு பேச்சு முடிந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

சாயங்காலம் ஜாயைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் முதலில் எழுதி வைத்துக்கொண்டேன். போனில் பேசுவதென்றால் இன்னும் எனக்குச் சத்தம் வராது. கல்லூரியில் 'பிரசன்ட்' என்று நான் சொன்னது கேட்காமல் எத்தனையோ நாள் ஆப்சென்ட் வாங்கியிருக்கிறேன். இப்போது இங்கிலீஷ் டீச்சர். யாரிடமும் சொல்லக் கூடாது.

முதுகைப் போட்டோ எடுத்து அனுப்பவா என்று கேட்டேன். ஜாய் சிரித்தார். முதுகு யார் முதுகாகவும் இருக்கலாமாம். போன வருஷம் ஒருவர் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுக் கடலில் குளிக்கிற படத்தை அவரே உலகத்துக்குக் காட்டினாராம். அதிலிருந்து பிரின்சிபலுக்கு முத்திரை இருந்தால்தான் நம்பிக்கை.

என் வகுப்பில் பிம் என்று ஒரு பெண், கடைசி பெஞ்ச். வாயே திறக்காது. செப்டம்பரில்தான் என் காதில் வந்து ஒரு வார்த்தை சொன்னது: 'umbrella'. புது டீச்சர் வந்தால் அது மறுபடி வாயை மூடிக்கொள்ளும். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

அரிப்பு தாங்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் அப்பா வாயைத் திறந்தார். அவர் ஜீப் ஓட்டுகிறார், விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை மலையேற்றிவிட்டு வருவார். வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. நான் அவர் சாயல்.

"பாண்டீஸ்வரி மொகம் வாடிக் கெடக்கு. ஆத்தாகிட்டயே கேட்டுப் பாப்பமே."

அப்படியானால் பூப்போட்டுப் பார்ப்பது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து மாரியம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் டாக்டரிடம் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. என் வேலை அரளிப்பூ கையில்.

பொட்டலம் மடிப்பது எப்போதும் அம்மாதான். இன்று மஞ்சள் அரைத்துக்கொண்டே, "நீயே மடிச்சிருத்தா" என்று மதினியிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டு பேரும் போனார்கள். நான் பாயில் படுத்து ஓட்டில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொள்ளலாம் என்றால், யாரிடம்? அவள்தான் என் மேலேயே இருக்கிறாளே. முதுகை மெதுவாகத் தடவிக் கேட்டேன்.

திரும்பி வந்ததும் அம்மா காலைக் கழுவினாள், திண்ணூறு பூசிவிட்டாள்.

"வெள்ளதான் வந்துச்சு. போகச் சொல்லிட்டா."

மதினி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 31, வெள்ளி

நான் விமானம் ஏறியிருக்க வேண்டிய நாள். ஏறியது அப்பாவின் ஜீப்.

அப்பா ஆட்களை இறக்கிவிட்டு வந்து, வண்டியைக் கழுவி, பின்சீட்டில் வேப்பிலை பரப்பி, முன்னால் இரண்டு கொத்துக் கட்டியிருந்தார்.

"பொண்ணழைப்புக்குப் போற மாதிரில்ல இருக்கு" என்றாள் மதினி.

"வாய வச்சுக்கிட்டு சும்மா வாடி" என்றாள் அம்மா. வெள்ளிக்கிழமை வேறு, அம்மாவுக்கு உள்ளூரப் பயம். ஜீப் ஆடுகிற ஆட்டத்தில் உத்தமபாளையம் வரைக்கும் வேப்பிலை என் வாய்க்குள்.

லேடி டாக்டர் வீட்டு முன்னறையில்தான் பார்க்கிறார். வாசலில் வண்டி நின்றதும் நர்ஸ் எட்டிப் பார்த்தார், வேப்பிலையைக் கண்டதும் உள்ளே போய்ச் சொன்னார். டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

"எறங்க வேண்டாம். உள்ள மாசமா இருக்கவங்க உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு ஒட்டக் கூடாது. ஜீப்லயே இருக்கட்டும்."

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆத்தா ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. ஆஸ்பத்திரிதான் இறங்கி வந்திருக்கிறது.

டாக்டர் கழுத்தையும் முதுகையும் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "சத்தமா சொல்லும்மா" என்றார். மறுபடி சொன்னேன்.

பேனாவை எடுத்ததும் அம்மா குறுக்கே வந்தாள். "நோயின்னு மட்டும் எழுதிப்புடாதீக தாயி."

"சரிம்மா." எழுதினார். 'Varicella.' ஒன்பதாம் தேதி வரை ஓய்வு.

"அது என்னா பேரு?"

"நம்ம ஆத்தாதாம்மா. அந்த ஊர்க்காரங்களுக்கு இந்தப் பேரச் சொன்னாத்தான் தெரியும்."

அம்மாவுக்குத் திருப்தி. மாத்திரையை நீட்டியதும் மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள்.

"இளநீ குடுங்க, வேப்பில போடுங்க, இதையும் குடுங்க" என்றார் டாக்டர். "ஆத்தா கோவிச்சா, நான் குடுத்தேன்னு சொல்லிருங்க. நான் பேசிக்கிறேன்."

நர்ஸ் முத்திரை குத்தும் சத்தம் உள்ளே இருந்து கேட்டது. இவ்வளவு நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

வண்டியில் உட்கார்ந்தபடியே போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. அங்கே ஆபீஸ் மூடியிருக்கும்.

நவம்பர் 1, சனி

பதில் இல்லை. போனைப் பார்ப்பது, சொறியாமல் இருப்பது, இரண்டே வேலை.

மதினி மாதுளை உரித்துக் கொடுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய விடக் கூடாது. ரெண்டுலயும் வெள்ளதான் வச்சேன்."

தெய்வக் குற்றம் ஆகாதா என்றேன்.

"ஆத்தாவும் பொம்பளதான. படிச்ச புள்ள வீட்ல கெடக்கணும்னா நெனப்பா? எனக்குப் பயமே வேற. எப்பவும் ரெண்டாவதையும் பிரிச்சுப் பாப்பாகல்ல? பூசாரி கைய வச்சுட்டாரு. எனக்கு உசுரு போயிருச்சு."

"அப்புறம்?"

"உங்கம்மா படக்குன்னு அதப் பிடுங்கி மடியில வச்சுக்கிட்டாக. 'போதும் சாமி, ஒருதரம் சொன்னாச் சரி'ன்னுட்டாக. வர்ற வழியில வாய்க்கால்ல போட்டுட்டாக. பிரிக்கவே இல்ல."

இரண்டு பேரும் மீதி மாதுளையைத் தின்று முடித்தோம்.

வெளியே அம்மா கோழியை அதட்டுகிற சத்தம்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்துச் சூடாக்கிய தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். அப்பாடா. அடுத்தது செவ்வாய், மூன்றாவது வியாழன்.

மதியம் ஜாய். சர்ட்டிபிகேட் ஏற்றாயிற்று. பிரின்சிபல் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம், போட்டோவில் என்ன தெரியுமோ. பத்தாம் தேதி போய்ச் சேர்ந்தால் வேலை எனக்குத்தான். அதுவரை என் வகுப்பை ஜாயே பார்த்துக்கொள்வார்.

அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். "அந்த வேம்பு திங்குற ஊருக்கு." போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தாள் கிடைத்துவிட்டது. இது கிடைக்கவில்லை. அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்க நான் விமானம் ஏற மாட்டேன், எனக்கே தெரியும்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். மலை பளிச்சென்று இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு ஜாய் வீடியோவில் கூப்பிட்டார், அங்கே முதல் வகுப்பு தொடங்குகிற நேரம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம், ஒரு நிமிடம் முகம் காட்டச் சொன்னார். தலை வாரவில்லை, முகமெல்லாம் பொருக்கு. முடியாது என்று சொல்ல வாய் வருவதற்குள் வகுப்பே திரையில்.

"டீச்சர் பான்!" பாண்டீஸ்வரி அங்கே அவ்வளவுதான்.

இது என்ன, யார் புள்ளி வைத்தது, வலிக்குமா என்று எல்லாம் ஒன்றாக. 'சிக்கன் பாக்ஸ்' என்றேன். ஒருவன் கோழி கொத்தியதா என்றான். சிரித்துவிட்டேன். கோழி, வாத்து, பூனை எல்லாம் எப்படிக் கத்தும் என்று இங்கிலீஷில் கேட்டேன், கத்தினார்கள், நானும் கத்தினேன். எவ்வளவு சத்தமாக என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாசலில் வந்து நின்றார். மதினி ஜன்னலில். பிம் கண்ணில் படவில்லை, தலைகள் மறைத்தன.

அம்மா வேப்பிலைக் கொத்தோடு உள்ளே வந்த நேரம், அங்கே டீச்சருக்கு விடைகொடுங்கள் என்று ஜாய் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்தார்கள். கைகளைக் கூப்பி, விரல் நுனி மூக்கைத் தொட, தலையைத் தாழ்த்தினார்கள். அம்மாவைக் கண்டதும் இன்னொரு முறை, இன்னும் கீழே. அந்த ஊரில் பெரியவர்களுக்கு அப்படித்தான் வணக்கம். கடைக்காரருக்கும் உண்டு, பஸ் கண்டக்டருக்கும் உண்டு.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லாருமா கும்புடுதுக. நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்லம்மா."

"அதுகளாவா?"

"அதுகளாத்தான்."

அம்மா வேப்பிலையைப் போனைச் சுற்றி மூன்று முறை வீசினாள். பிள்ளைகளுக்கு அது டாட்டா. எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

இப்போது முற்றத்தில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, கேட்டீகளா. நல்ல ஊரா இருக்கு. பச்சப்புள்ளைக அம்புட்டும் நம்ம ஆத்தாவக் கும்புடுதுக. இவ சத்தம் கேட்டீகளா? நம்ம வீட்ல இம்புட்டு சத்தம் போட்டுருக்காளா? வியாழக்கெழம மூணாந்தண்ணி. மறுநா வெள்ளி வேணாம், சனிக்கெழமைக்கு டிக்கட்டப் போடச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்க்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டேன். சனிக்கிழமை என்ன விமானம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.