தரையை உறிஞ்சுகிற கார்

சிதம்பரம்
14-9-1969

அன்பு மகன் கமாலுத்தீனுக்கு அத்தா குலாம் முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் மூன்று வேளை சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நடமாட்டத்தில் என் பங்கு மட்டும் இப்போது கொஞ்சம் குறைவு, அதைப் பின்னால் சொல்கிறேன். அந்தச் சீமைக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். உன் தங்கை ருக்கையாவுக்கு இரண்டாவதும் பெண், அஸ்மத் என்று பெயர், காதில் பாங்கு சொன்னது நான்தான். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி இறங்கிவிட்டது, குமராட்சியில் நம் அரிசி மில்லுக்குள் வரவில்லை. முதலாளி டிப்ளமா படித்த ஒருவனைக் கொண்டுவந்து எனக்கு மேலே உட்கார வைத்திருக்கிறார். பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடி போட வேண்டும் என்பதுகூடத் தெரியாது அவனுக்கு, ஆனால் நாற்காலி அவனுக்கு, இருபத்தாறு வருஷம் அந்த எஞ்சினைப் பார்த்த எனக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. பஸ் செய்கிற கம்பெனியில் ஒழுங்கான வேலையை விட்டுவிட்டு, பந்தயக் கார் கட்டுகிற கொட்டகையில் சேர்ந்திருக்கிறாய். காரின் முதுகில் இறக்கை வைத்தார்களாம், அது காற்றை வாங்கிக் காரைத் தரையோடு அமுக்குமாம், அதனால் வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டாமாம். முன்னால் போகிறவனை முந்த வேண்டுமென்றால் ஒரு பெடலை மிதிக்க வேண்டும், இறக்கை படுத்துக்கொள்ளும், கார் இன்னும் பாயும். இறக்கை ஒடிந்து கார்கள் போய் மோதிய பிறகு அதற்குத் தடை போட்டார்கள் என்று நீயே எழுதுகிறாய். புத்தி வந்தது என்று நினைத்தால் அடுத்த வரியில், காருக்கு அடியில் இருக்கிற காற்றை விசிறி வைத்து உறிஞ்சி வெளியே தள்ளினால் கார் தரையைக் கவ்விக்கொள்ளும் என்கிறாய். இவ்வளவு படித்தவர்கள் கூடி வட்டமாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதற்கு இத்தனை ஏற்பாடு. முந்துவதற்கு ஒரு பெடலா? உன் இஸ்மாயில் மாமா கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தினம் நாலு நடை பஸ் ஓட்டுகிறார். முன்னால் போகிறவன் கையை வெளியே நீட்டி வா என்று காட்டினால்தான் முந்துவார், முந்தியதும் ஒரு சலாம் வைப்பார். ஆலப்பாக்கம் வளைவில் எவன் கை காட்டினாலும் முந்த மாட்டார். அவரிடம் உன் பெடலைச் சொன்னேன். மச்சான், அவனுவோளுக்கு ஓட்டத் தெரியல, அதான் காருக்கு றெக்க கட்டிப் பாக்குறானுவோ என்றார். எனக்கும் அதுதான் அபிப்பிராயம்.

நம் மில்லின் தூசி இழுக்கிற புளோயரைப் பார்த்துத்தான் இந்த விசிறி யோசனை வந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் மில்லை இந்தக் கூத்தில் இழுக்காதே. இது நடக்காத காரியம் என்று நாலு பேர் முன்னால் காட்டி உனக்கு எழுதிவிடலாம் என்று போன வெள்ளிக்கிழமை மில் ஓய்ந்த பிறகு ஏற்பாடு செய்தேன். பழைய தவிட்டுப் பெட்டியைக் களத்துச் சிமெண்டில் கவிழ்த்தேன், விளிம்பு முழுக்க ஈரச் சாக்கை ஒட்டித் தைத்தேன், முதுகில் ஓட்டை போட்டுப் புளோயர் குழாயைச் சொருகினேன். பெட்டியில் கயிற்றைக் கட்டிப் பொன்னுரங்கத்தையும் மூட்டை தூக்குகிற மூன்று பேரையும் இழுக்கச் சொன்னேன். எஞ்சினை ஓட விட்டதும் பெட்டி அசையவில்லை. நாலு ஆள் காலை ஊன்றி இழுத்தும் அசையவில்லை. மேஸ்திரி பாய், பொட்டிக்குள்ளாற ஜின்னு எதுனா குந்திருக்குதா என்று பொன்னுரங்கம் கத்துகிறான், களம் கூட்டுகிற முத்தம்மாள், நாலு ஆம்பளைக்கிப் போட்ட சோறு எங்கடா போச்சு என்று சிரிக்கிறாள். தோற்றுப்போன எரிச்சல் எனக்கு. சாக்கு எங்காவது தரையில் சிக்கியிருக்கும், அதுதான் பிடிக்கிறது என்று குனிந்து பார்க்கப் பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன். அந்த நேரம் புளோயர் பெல்ட்டின் ஜாயின்ட் விட்டுப்போனது. நான் என் கையால் தோல் வார் போட்டுத் தைத்த ஜாயின்ட். இத்தனை வருஷத்தில் நான் தைத்தது ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் மொத்தமாகப் போய்விட்டது. நாலு பேரும் மல்லாக்க விழுந்தார்கள், பெட்டி சறுக்கி வந்து என் இடது முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறது, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். டிப்ளமாக்காரன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான், அதுவும் ஒரு கேவலம்.

ஆகையால் அது பிடிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பிடிக்காமல் இருந்தால் உனக்கு நல்லது. வழுக்குகிற டயர் கத்தும், ஓட்டுகிறவன் கேட்டுவிட்டுக் காலை எடுப்பான். இது கத்தாது. அதை நம்பி வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது உன் விசிறி பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று உன் கொட்டகையில் எவனாவது கேட்டானா? கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய், இறக்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதினவன்தானே. நவம்பரில் முதல் ஓட்டம், யோசனை என்னுடையது, அதனால் நான்தான் முதலில் உட்கார வேண்டும், அம்மாவுக்கு இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பெட்டியைக் கவிழ்த்த யோசனை என்னுடையது என்றுதான் நானும் அதற்கு முன்னால் போய் நின்றேன். நடக்கிற வேகம்கூட இல்லாத ஒரு பெட்டி அடித்ததற்கே என் காலுக்கு இந்தக் கதி.

எனக்குச் சம்மதமில்லை. இதற்கு மேல் இரண்டு பக்கம் விளக்கம் எழுதி அனுப்பாதே, நான் மாற மாட்டேன். அந்தக் காரை ஓட்டியே தீருவோம் என்று அவர்கள் நின்றால், விசிறிக்குத் தனி எஞ்சின் வைக்கச் சொல், ஒற்றை பெல்ட்டை நம்ப வேண்டாம் என்று சொல், காரில் ஆளை உட்கார வைக்காமல் மணல் மூட்டையைக் கட்டி இழுத்து, ஓடும்போதே பெல்ட்டை வேண்டுமென்றே அறுத்துப் பார்க்கச் சொல். இதைச் சொன்னது குமராட்சியில் ஒரு மில் மேஸ்திரி என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால் உன் பெயரிலேயே சொல்லிக்கொள்.

உன் அம்மா வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுக்கிறாள், நீ அனுப்பிய கம்பளியைக் காலுக்குப் போட்டிருக்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சொன்ன பேச்சைக் கேட்கிற குணத்தையும் தரட்டும். ருக்கையாவுக்கு இரண்டு வரி தனியாக எழுது, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ சொன்னபடி அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. மில் படியில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன், நம்பிவிட்டாள். என்னிடம் இருந்த பொய் அது ஒன்றுதான், அதை என் காலுக்குச் செலவழித்துவிட்டேன். உனக்காக அவளிடம் சொல்ல என்னிடம் இன்னொன்று இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தா,
கு. முகம்மது