பூட்டி வைத்த பெட்டி

அம்மாவுக்கு மகள் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

அப்பா போன சேதி வந்தபோது சலவைக்கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்ப் பெண்கள் யாரும் அப்போது வேலையில் இல்லை. எதிர் மேசை வேற்றூர்க்காரிதான் என் துணிகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ அழு அக்கா, இதை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

இரண்டு வருடமாக அவளோடு நான் பேசியதே இல்லை. அவள் ஊர்க்காரர்களுக்குக் கை நீளம் என்று நம் ஆட்கள் சொன்னதை நம்பி, தங்குமிடத்தில் என் பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தேன். அன்று அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

"அட போக்கா! எங்காளுங்க உங்களத்தான் அப்படிச் சொல்றாங்க. நானும் பூட்டித்தான் வச்சிருக்கேன்" என்று சிரித்தாள். அழுகையோடு நானும் சிரித்தேன்.

இப்போது பூட்டுவதில்லை. மணி அடித்துவிட்டது, போகிறேன். பெட்டியில் வைத்துக்கொள்ள அப்பா சட்டை ஒன்று அனுப்பம்மா. துவைத்து மட்டும் விடாதே.