பின்கதவுக்கு வேண்டிய ஆங்கிலம்

அன்று அந்த வெள்ளைக்காரப் பெண்மணி என் பக்கம் திரும்பிக் கேட்டபோது நான் "நோ" என்று சொல்லவில்லை. "யெஸ்" என்றும் சொல்லவில்லை. மேனேஜர் அந்த "நோ"வுக்காகக் காத்திருந்தார். நீ எதற்காகக் காத்திருந்தாய் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நேற்று மதியம், இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனியில், மேல்மாடியிலிருந்து அந்தக் குரல்கள் கேட்டன. "ஐ ஆம் வெரி ஹேப்பி ஹியர், மேடம்." தைக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னார்கள். மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது, அதற்கு ஒத்திகை. நான் கையிலிருந்த சாம்பிளை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய்ப் பின்கதவைத் தள்ளிப் பார்த்தேன். திறந்தது. ஆனாலும் பூட்டு மாட்டும் வளையத்தை விரலால் தடவினேன். கதவு முழுக்கத் துரு. வளையம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உன் நினைவுதான் வந்தது. நீ போய்ச் சேர்ந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. பொங்கலுக்கு ஊர் போய் வந்த ஒருத்தி சொன்னாள்: மஞ்சள் காமாலையாம், சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டார்களாம். நான் நம்பவில்லை. வேறொருத்தியிடமும் விசாரித்தேன். அவளும் அதையேதான் சொன்னாள். ஒருத்தி சொன்னதோடு விடாமல் இன்னொருத்தியிடம் கேட்கும் பழக்கம் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருந்த அந்தப் பழைய கம்பெனியில் நான் சேர்ந்த புதிதில் ஆபீஸில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. ஆங்கில இலக்கியம் படித்தவள் என்று, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாக எடுத்திருந்தார்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவுக்கு வந்து உட்காருவேன். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த நீ, முதல் நாளே தள்ளி உட்கார்ந்தாய்.

"ஆபீஸ் ஏ.சி.ய விட்டுட்டு இங்கன வந்து எதுக்கு வேர்க்குதீய, மேடம்? யாரு என்ன பேசுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவளா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றேன்.

"பாரு, 'ங்க' போடுதாவ. உங்க ஊர்ல திட்டும்போதும் 'ங்க' போடுதீய, வேலைய விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போடுதீய. எது நெசம்னு எப்படித்தான் கண்டுபிடிக்கதோ."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்கள் வீட்டில் பூனையைத் துரத்தும்போதுகூட 'ங்க' போடுவார்கள். அதில் சந்தேகப்பட இடமிருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நீ என்னை நம்ப எவ்வளவு காலம் ஆயிற்றோ, நினைவில்லை. முழுவதும் நம்பினாயா என்பதும் தெரியாது. 'மேடம்' ஒருநாள் 'ஏட்டி' ஆயிற்று; அதை வைத்துத்தான் ஏதோ மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதற்குள் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தரப்போகிறது, அதற்கு முன்பு அவர்களின் ஆள் வந்து யூனிட்டைப் பார்க்கும், வேலைக்காரர்களிடமே பேசும் என்று தெரிந்துவிட்டது. மேனேஜர் ஒரு தாளில் வாக்கியங்களை அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, லைன் லைனாகக் கொடுத்தார். பெயர், ஊர், எத்தனை மணி நேர வேலை, கடைசியாக அந்த 'ஹேப்பி'. எல்லாம் ஆங்கிலம், தமிழ் எழுத்தில்.

நீ அந்தத் தாளை டி-ஷர்ட் பார்ப்பதுபோல்தான் பார்த்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய், பின்பக்கம் திருப்பினாய். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் நீங்கள் ஒட்டும் அந்தச் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து 'வெரி ஹேப்பி' என்ற இடத்தில் ஒட்டி என்னிடம் நீட்டினாய்.

"இது யாருக்கு ஹேப்பி? எனக்கா, அவருக்கா?"

அதன் பிறகுதான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் தாளில் இல்லாத ஆங்கிலத்தை என்னிடம் கேட்கத் தொடங்கினாய். உன்னைப்போல் மொழி கற்றவரை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் நாங்கள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பயந்தோம், அல்லது மயங்கினோம். நீயோ கடைக்காரரிடம் எடைக்கல்லைக் காட்டச் சொல்பவள் மாதிரி கேட்டாய்.

"மொதலாளிக்கும் 'யூ', ஹெல்பருக்கும் 'யூ'வா? அப்போ மரியாதைய எங்க வச்சிருக்காவ?"

"குரல்லதான் புள்ள."

"குரல்லயா? அப்போ வேணுங்கும்போது எடுத்துக்கிடலாம்."

ஒருவரைப் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்றாய். அவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள், வெயில் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்றேன். "திருப்பூர்ல வெயிலப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? நேத்தும் அதே வெயில்தான்" என்றாய். கட்டளையிடும்போதுகூட 'ப்ளீஸ்' போடுவார்கள் என்றதும் உனக்கு அந்த இனத்தின் மீதே நம்பிக்கை போய்விட்டது. "உங்க ஊருக்குச் சொந்தக்காரவியளா இருப்பாவ போல" என்று நீ சொன்னபோது எனக்குப் புரை ஏறிவிட்டது.

உன் சந்தேகமெல்லாம் சரியாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். உங்களைச் சோதிக்க யாரோ ஒரு அம்மாவைக் கோயமுத்தூரிலிருந்து வெள்ளைக்காரி வேஷம் போட்டுக் கூட்டி வரப்போகிறார்கள் என்று ஒரு வாரம் நம்பினாய். நான் உன் பேச்சை ஆபீஸில் போய்ச் சொல்கிறேன் என்று இடையில் திரும்பவும் சந்தேகப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாய். நான் யாரிடமும் எதுவும் சொல்லும் பழக்கம் இல்லாதவள் என்பதே உனக்கு உறுத்தியிருக்கும்.

ஆனால் எனக்கும் உன் மேல் சந்தேகம் வந்தது. ஒருநாள் கத்தரிக்காய்க்கும் தேங்காய்க்கும் ஆங்கிலம் கேட்டாய். நடுவில் பூட்டுக்குக் கேட்டாய். இன்னொரு நாள் அண்ணன், தம்பி, மழை, 'இன்னிக்கு'. பிறகொரு நாள் 'மட்டும்'. அப்புறம் 'பின்னால'. எதையும் அடுத்தடுத்துக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சொற்களை நான் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நாலு சொல் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆயிற்று.

பின்படிக் கதவைப் பற்றி அந்த யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும். மேல்மாடியில் நூற்றுக்கு மேல் பெண்கள். இறங்க முன்படி ஒன்று, பின்படி ஒன்று. பின்வழியாகத் துணி வெளியே போய்விடும் என்று மேனேஜர் அதைப் பூட்டியே வைத்திருப்பார். நான் சேர்வதற்கு முன்பு ஒருமுறை அயர்னிங் பக்கம் வயர் எரிந்து புகை கிளம்பியிருக்கிறது. முன்படி அந்தப் பக்கம்தான். பின்படிக்கு ஓடியவர்கள் பூட்டிய கதவில் மோதி ஒருவர்மேல் ஒருவர் விழுந்திருக்கிறார்கள். அதில் நீயும் இருந்தாய். உன் முழங்கைத் தழும்பைக் கேட்டபோது "கதவு" என்று மட்டும் சொன்னாய். யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் பூட்டைக் கழற்றிக் கதவை விரியத் திறந்து, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியும் வைப்பார்கள்.

மறுநாள் நேராகக் கேட்டேன். "ஏம் புள்ள, பூட்டுக்கு இங்கிலீஷ் உனக்கெதுக்கு?"

"சும்மா. ஊட்டுக்குப் பூட்டு வாங்கணும்."

நீ 'ஊடு' என்று எங்கள் பேச்சில் சொன்னாய். உனக்கு எங்கள் பேச்சு வருவது பொய் சொல்லும்போது மட்டும்தான்.

"அந்த ஆர்டர் போச்சுன்னா உன் லைனுக்கே வேலை இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும். அதத்தான் அவரும் சொல்லச் சொன்னாரா?"

நான் டிபன் பாக்ஸை மூடினேன். நீயும் அடுத்த நாள் வெறும் காய்கறிப் பெயர்களாகக் கேட்டாய்.

அந்த இங்கிலாந்து அம்மா வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நிஜமான வெள்ளைக்காரி என்று கையைப் பார்த்து முடிவு செய்தாய். கையெல்லாம் கொசுக்கடி சிவந்திருந்தது. டீ கொடுத்தால் 'லவ்லி' என்றார். கேன்டீன் 'லவ்லி', டாய்லெட் 'லவ்லி'. நீ என் காதில் சொன்னாய்: "எல்லாமே லவ்லின்னா, நல்லா இல்லாதத எப்படிச் சொல்லுவாவ?"

பிறகு லைனுக்கு வந்தார். மேனேஜர் ஒருபக்கம், மொழிபெயர்க்க நான் ஒருபக்கம். ஒத்திகையில் மேனேஜர்தான் வெள்ளைக்காரி. அவர் எப்போதும் தாளில் இருந்த வரிசையிலேயே கேட்டார். எல்லோரும் அந்த வரிசையிலேயே பதில் சொல்லிப் பழகினார்கள். கேள்வி என்ன என்று யாரும் கவனித்ததில்லை. எத்தனையாவது கேள்வி என்பதைத்தான் கவனித்தார்கள். இந்த அம்மா முதல் மெஷினில் இருந்தவளிடம் எடுத்த எடுப்பிலேயே இங்கே வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்வதற்குள் அவள் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னாள். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாய் என்றார். "கோவில்பட்டி, மேடம்." வீட்டில் எத்தனை பேர் என்றார். "எய்ட் ஹவர்ஸ், மேடம்." அடுத்து அவர் எதையும் கேட்கவில்லை, கேட்காமலே, "ஐ ஆம் வெரி ஹேப்பி ஹியர், மேடம்" என்று முடித்து உட்கார்ந்தாள். பக்கத்து மெஷினிலும் அதேதான் நடந்தது. மூன்றாமவள் கேள்வி முடிவதற்கு முன்பே நான்கையும் சொல்லிவிட்டாள்.

மேனேஜர் சிரித்து, "டென்ஷன், மேடம்" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஃபைலை மூடினார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு உன் முகம் நினைவுக்கு வந்தது. தையலை உள்பக்கம் திருப்பிப் பார்க்கும் முகம்.

அப்போதுதான் நீ செக்கிங் டேபிளிலிருந்து வந்தாய். உன்னை யாரும் கூப்பிடவில்லை.

"மேடம். பேக் டோர், டுடே ஒன்லி ஓப்பன். எவ்ரி டே லாக்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அம்மா பூந்தொட்டியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். தினமும் அந்தக் கதவு பூட்டியிருக்கும் என்கிறாளா, அது உண்மையா என்று கேட்டார்.

"கண்ணு," என்றார் மேனேஜர், அவ்வளவு மெதுவாக, "அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் சரியா வராதுங்க, தப்பாச் சொல்லீட்டாங்கன்னு சொல்லு கண்ணு."

என் நாக்கில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. பிழை இல்லாத நல்ல ஆங்கிலம். நான் தரையைப் பார்த்தேன். வெட்டுத்துணித் துண்டு ஒன்று மின்விசிறிக் காற்றில் நகர்ந்து நகர்ந்து என் செருப்புக்கு வந்தது. பிறகு அந்த அம்மா, "ஐ சீ" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "ஏன் கண்ணு வாயே தொறக்கல?"

"இங்கிலீஷ் வரலீங்க சார்."

"மூணு வருசம் அதைத்தானே படிச்சே?"

"எழுதறதுதாங்க சார் படிச்சேன்."

அவர் நம்பவில்லை. ஆனால் திட்டவும் இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நீ நின்றிருந்தாய். "ஏட்டி, நீ ஏன் பேசல? என்னைக் காப்பாத்தவா, உன்னைக் காப்பாத்தவா?" என்றாய். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆர்டர் பாதியாகக் குறைந்து வந்தது. மீதி, கதவைச் சரி செய்து காட்டினால் என்றார்களாம். வெல்டர் வந்து வளையத்தோடு பூட்டை அறுத்தெடுத்தார். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பி வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் உன்னைக் கூப்பிட்டு, செக்கிங்கில் ஆள் கூடிவிட்டது என்று சொன்னார் மேனேஜர். "வேற எங்காவது பாத்துக்குங்க கண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க." நீ என் மேசைக்கு வந்து, "எத்தன 'ங்க'ன்னு எண்ணிட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தாய். என் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாய். அது திரையைக் காட்டியதா, என்னைக் காட்டியதா என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்குப் பேச்சு ஆங்கிலமும் வந்துவிட்டது. 'ப்ளீஸ்' என்று தொடங்கும் எந்த மெயிலையும் இரண்டாம் முறை படித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். புதிய கம்பெனிக்குப் போனால் சம்பளம் பேசுவதற்கு முன்பு பின்கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. உனக்காகத்தான் பேசாமல் நின்றேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அந்த வாக்கியத்தில் ஓர் அம்பு ஒட்டத் தோன்றுகிறது.

உன்னை அனுப்பிய பிறகு வந்த ஐப்பசி மழையில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு, அயர்னிங் பக்கம் மறுபடியும் வயர் எரிந்தது. மாடியில் இருந்த எல்லோரும், சாம்பிள் வாங்க மேலே வந்திருந்த நானும், பின்படி வழியாக இறங்கி வந்துவிட்டோம். நீ அப்போது அங்கே வேலையில் இல்லை.