அம்மாவின் நாலு வயது

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். குற்றாலத்தில் அருவியில் குளிக்கத் தடையாம். ஆஸ்பத்திரி வராண்டா முழுக்க ஈரக்குடைகள். நேற்று முற்றத்துப் பாசியில் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். இல்லையென்றால் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான்.

டாக்டர் சின்ன வயசு. ஆதாரைப் பார்த்தார்.

"எண்பத்திரண்டுதானேம்மா, பண்ணிரலாம். இன்னும் மூணு நாலு வயசு கூடன்னா ரெண்டு தடவை யோசிப்பேன்."

"ம்" என்றேன்.

அம்மாவுக்கு எண்பத்தாறு. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

வாங்க வேண்டியது: பிளாஸ்க், பெரிய துண்டு, அம்மா கண்ணாடிக்குக் கூடு. எனக்குக் கொஞ்சம் தைரியம், எந்தக் கடையில் விற்கிறதோ.

ஜூலை 9, புதன்

தூக்கம் இல்லை.

அம்மாவை ஒன்பது வயதில்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னாராம் வாத்தியார். கை காதையும் தாண்டிக் கன்னத்துக்கு வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு என்றால் ஐந்து வயது, எழுதிவிட்டார். அதோடு அம்மா ஆயுசு முழுக்க நாலு வயது இளையவள்.

அம்மா பின்னால் டீச்சர் ஆனாள், பொய் என்றால் பிடிக்காத டீச்சர். சிலேட்டை உடைத்தது நான்தான் என்று சொல்லாததற்கு, பெற்ற மகள் என்றும் பாராமல் ஒரு பீரியட் வெயிலில் நிறுத்தினாள். இப்போதும் அதைத்தானே செய்கிறேன்! சொன்னால் ஆபரேஷன் இல்லை. சொல்லாமல் உள்ளே ஏதாவது ஆகிவிட்டால் கொன்றது நான்.

துபாயிலிருந்து தம்பி போன். "எனக்கு லீவு கெடைக்கலக்கா. நீயே பாத்து முடிவு பண்ணு."

நானா? வயலைப் பங்கு வைத்தது அம்மா. இவனைத் துபாய்க்கு அனுப்பியது அம்மா. மாமியார் வீட்டிலிருந்து என்னைப் பெட்டியோடு கூட்டி வந்தது அம்மா. நான் எடுத்த முடிவெல்லாம் சாம்பாரா ரசமா என்பதுதான்.

மாலை அச்சன்புதூர்க்காரர் ஒருவர், பழைய மாணவர், பழச்சீப்போடு வந்தார்.

"ரிட்டயர் ஆன பொறவும் நாலு வருசம் சம்பளம் இல்லாம வந்து பாடம் எடுத்தாங்கள்லா டீச்சர். இப்பம் யாரு செய்வா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சேவையாம். கணக்குப்படி ஐம்பத்தெட்டில் ஓய்வு, நிஜத்தில் அறுபத்திரண்டு. "நாலு வருசம் கூட உக்காந்துட்டேன்ட்டி, திருப்பிக் குடுக்கணும்லா" என்று அன்றைக்கு என்னிடம் மட்டும் சொன்னாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்கூடப் போடாமல் மழையிலும் நடந்து போனாள். வயதை மட்டும் திருத்தவில்லை. பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அம்மாவுக்கும் பயம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜூலை 10, வியாழன்

காலை ஆறரை. சாரல் விடவில்லை. எட்டு மணிக்கு ஆபரேஷன். கேட்டேவிட்டேன்.

"யம்மா, டாக்டர்ட்ட வயசச் சொல்லிரவா? பயமா இருக்கு."

"இன்னுமா சொல்லல? சிலேட்ட ஒடச்சுட்டு முழிச்ச மாதிரியே முழிக்க. அவரக் கூப்பிடு."

டாக்டர் வந்தார்.

"தம்பி, எனக்கு எண்பத்தாறு. பள்ளிக்கூடத்துக் கணக்குலதான் எண்பத்திரண்டு. பண்ணுவியளா, மாட்டியளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதய ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து, மயக்க மருந்து டாக்டரையும் கூப்பிட்டுப் பேசினார். அரை மணி நேரம்.

"ஆபத்து கூடத்தான் டீச்சர். ஆனா இதயம் தாங்கும்னு தோணுது. நீங்க சம்மதிச்சா பண்ணுதேன்."

சம்மதப் படிவத்தில் 82-ஐ அடித்துவிட்டு அம்மா 86 என்று எழுதினாள். அதே கரும்பலகை எழுத்து. "ஏட்டி, நீ சாப்பிடு" என்றாள். எட்டே கால், உள்ளே கொண்டுபோனார்கள்.

9.00. ஒன்றும் இல்லை.

9.40. டீ ஆறிவிட்டது. சாமி, எனக்கு இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

10.20. கதவு திறந்து நர்ஸ். கையில் ஏதோ தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எண்பத்தாறு வயசு ஆச்சிகூட வந்தது யாரு?"

எழுதிக்கொண்டே, வகுப்பில் தூக்குகிற மாதிரி இடது கையைத் தூக்கியிருக்கிறேன். நர்ஸ் இன்னும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.