சாம்பல் ஓடையின் குட்டை அலையாத்திகள்

இன்று காலை எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து ஆய்வுக்கு வந்த சேற்றுப் பையைப் பிரித்தேன். உப்பும் சாம்பலும் அழுகிய இலையும் கலந்த வாடை எழுந்ததும் நீ நினைவில் வந்து நின்றுவிட்டாய்.

முழங்கால் சேற்றில் இறங்கி அலையாத்தி விதைகளைப் பொறுக்கினோமே, நினைவிருக்கிறதா? பாதி, அனல்மின் நிலையம் உப்புநீரோடு கொட்டும் சாம்பல் படிந்த ஓடையில்; பாதி, காட்டுப்பள்ளிக்கும் வடக்கே தெளிந்த கழியில். இரண்டையும் ஒரே உப்புநீரில் வளர்த்து, எந்த மரபணு செடியை உப்பிலிருந்து காப்பாற்றுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் ஆய்வு. முதல் தடவை எல்லாக் கன்றுகளும் கருகின. நான் அழுதேன். நீ தொட்டிகளைக் கழுவத் தொடங்கினாய்.

"செத்துப்போச்சின்னா அதுவும் ஒரு பதிலுதான்டி. உப்பக் கொறச்சி மறுபடி போடு."

போட்டோம். உப்பை வெளியே தள்ளும் மரபணு இரண்டு இடத்துக் கன்றுகளிலும் இருந்தது. ஆனால் சாம்பல் ஓடைக் கன்றுகளில் அது வெகு சீக்கிரம் விழித்துக்கொண்டது. நான் துள்ளிக் குதித்தேன். நீயோ அளவுகோலை எடுத்து வந்து உயரம் பார்த்தாய். அவை மற்றவற்றில் பாதிதான் இருந்தன. உப்போடு மல்லுக்கட்டியதில் வளரத் தெம்பு மிஞ்சவில்லை.

கன்றுகள் குட்டையாகிவிட்டதைக் கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதினாய்; அந்தப் பத்தி வேண்டாம், நல்ல முடிவைக் கெடுக்கும் என்றார் நம் பேராசிரியர். அவர் முன்னாலேயே உன் வியாசர்பாடிக் குரல் உயர்ந்தது: "தாங்கிக்கினு கீதுன்னு மட்டும் எழுதினா, இன்னும் கொட்டுங்கன்னு நாமளே சொன்ன மாதிரி சார்!"

பத்தி கட்டுரையில் அப்படியே இடம்பெற்றது. கட்டுரை அச்சாகும் முன் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. ஐந்தே நாள்.

போன மாதம் எண்ணூரில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். புதிதாகச் சாம்பல் கொட்ட இடம் கேட்டு வந்த அதிகாரி நம் கட்டுரையைத்தான் உயர்த்திக் காட்டினார்: "இங்குள்ள மரங்கள் எதையும் தாங்கும்." நான் எழுந்து உன் பத்தியை முழுக்கப் படித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மீன்காரம்மா சொன்னார்: "அப்போ எங்க புள்ளைங்க மாதிரின்னு சொல்லு. உசுரு கீது, வளத்தி இல்ல."

முடிவை அன்று தள்ளிவைத்தார்கள். நாளை மறுபடி கூடுகிறார்கள். உன் பத்தியை எளிய தமிழில் எழுதி, குப்பத்துக்கு வீட்டுக்கொன்றாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மாவே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. உன்னுடையதை முதலில் போட்டேன்.